அப்பா சொன்ன கல்தூண்: மெட்ராஸ் லைட்ஹவுஸ் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சிம்மக்கல் வாசி
எல்லாருக்கும் வணக்கம். கடலில்லாத மதுரையில் உட்கார்ந்துகொண்டு லைட்ஹவுஸ் பற்றிக் கேட்கிறேன், காரணம் இருக்கிறது.

1990களில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு நில வழக்கு. இங்கே முடிந்து அப்பீலுக்காக மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனது. மதுரைக் கிளை 2004 ஜூலையில்தான் திறந்தது. அதற்கு முன் நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் அங்கேதான் போக வேண்டும். அப்பா ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறுவார், காலையில் எழும்பூரில் இறங்குவார், வாய்தா வாங்கிக்கொண்டு அன்று ராத்திரியே திரும்புவார். இப்படி ஏழு வருஷம்.

போன வாரம் டிவியில் மெரினா லைட்ஹவுஸைக் காட்டினார்கள், சிவப்பு வெள்ளைப் பட்டை போட்டது. அப்பா உடனே, "இது புதுசுப்பா. பழைய லைட்ஹவுஸ் கோர்ட்டு வளாகத்துக்குள்ள நிக்குது, முழுக்கக் கல்லு. அதுக்கு அடியிலதான் நான் கட்டுச்சோறு சாப்பிடுவேன்" என்றார். அவருக்கு 78 வயது. ஏதோ மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் என் மகள், "இல்ல தாத்தா, கோர்ட்டுக் கோபுரத்து உச்சியிலதான் விளக்கு இருந்துச்சாம்" என்று இன்னொன்று சொன்னாள். ஆக ஒரே ஊருக்கு மூன்று லைட்ஹவுஸ். யார் சொல்வது சரி?

குமாஸ்தா 62
தம்பி, மூன்று பேர் சொன்னதும் சரி. சொல்லப்போனால் நான்காவது ஒன்றும் இருக்கிறது, அதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. நான் பாரிமுனையில் வக்கீல் குமாஸ்தாவாகப் பல வருஷம் இருந்தவன், இப்போது ஒத்தக்கடை. அந்தத் தூணைத் தினமும் கடந்து போயிருக்கிறேன். தெரிந்த வரை எழுதுகிறேன்.

முதல் விளக்கு 1796இல். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறதே, அந்தக் கட்டிடத்தின் மொட்டைமாடியில் வைத்தார்கள். பெரிய பெரிய திரிகள், தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான். நம் வீட்டு விளக்கின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உங்கள் அப்பா சொல்லும் கல்தூண். 1838இல் வேலை தொடங்கியது. ராணுவப் பொறியாளர் ஸ்மித் என்பவர் வடிவமைத்தார். கிரேக்கர்களின் டோரிக் பாணியில், பல்லாவரத்துக் கல்லில் எழுப்பிய ஒற்றைத் தூண். 1844 ஜனவரி 1ஆம் தேதி விளக்கேற்றினார்கள். அப்போது அங்கே ஹைகோர்ட்டே கிடையாது என்பதை மறக்க வேண்டாம். தூண்தான் முதலில் வந்தது. கோர்ட் பிறகு வந்து அதைத் தன் வளாகத்துக்குள் வைத்துக்கொண்டது.

மூன்றாவது, உங்கள் மகள் சொன்னது. ஹைகோர்ட் கட்டிடம் 1892இல் திறக்கப்பட்டது. அதன் உயரமான கோபுரத்தின் உச்சிக்கு 1894இல் விளக்கு ஏறியது. மண்ணெண்ணெய் விளக்கு. கல்தூண் அன்றோடு ஓய்வுக்குப் போய்விட்டது. ஐம்பது வருஷ உழைப்பு.

நான்காவது, மெரினாவில் இருப்பது. 1977 ஜனவரியில் எரியத் தொடங்கியது. முக்கோண வடிவம், உள்ளே லிஃப்ட் உண்டு. நெடுங்காலம் பொதுமக்களை விடாமல் வைத்திருந்து 2013 நவம்பரில் மறுபடி திறந்துவிட்டார்கள்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த நிழலில் கட்டுச்சோறு சாப்பிட்ட மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரத்துக் கட்சிக்காரர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள்.

தெற்குவாசல் ரவுண்டானா
அண்ணே, அருமை. ஒரு சந்தேகம். விளக்கை மாடியிலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து கோபுரத்துக்கு ஏன் ஏற்றிக்கொண்டே போனார்கள்? விளக்கைப் பெரிசாக்கினால் போதாதா?

கணக்கு வாத்தியார்
இதற்கு நான் பதில் சொல்கிறேன். பூமி உருண்டை. விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் கடலின் வளைவுக்குக் கீழே இருக்கும் கப்பலுக்கு அது தெரியாது. அதனால் உயரம்தான் முதல் கேள்வி.

எளிய கணக்கு: விளக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.86ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் வரை தெரியும் என்பது வரும். ஹைகோர்ட் கோபுரம் சுமார் 175 அடி. நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்கு கோபுரம் சுமார் 170 அடி. கிட்டத்தட்ட ஒரே உயரம்! 170 அடி என்றால் 52 மீட்டர். வர்க்கமூலம் 7.2. பெருக்கினால் 27, 28 கிலோமீட்டர் வருகிறது.

அதாவது தரை முழுக்கக் கடல் போல மட்டமாக இருப்பதாக வைத்துக்கொண்டால், தெற்கு கோபுர உச்சியில் வைக்கும் விளக்கு திருமங்கலத்தையும் தாண்டித் தெரியும். அதே விளக்கை 10 மீட்டர் உயர மாடியில் வைத்தால் 12 கிலோமீட்டரோடு சரி.

கப்பலில் இருப்பவனும் தளத்தின் மேல் நிற்பான், அவன் கண் உயரத்துக்கும் இதே கணக்கைப் போட்டுக் கூட்ட வேண்டும். 9 மீட்டர் என்றால் இன்னொரு 11, 12 கிலோமீட்டர் சேரும். பாய்மரத்தின் மேல் ஏறி நின்றால் இன்னும் முன்னாலேயே வெளிச்சம் கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, உயரத்தை இரட்டிப்பாக்கினால் தூரம் இரட்டிப்பாகாது. தூரம் இரட்டிப்பாக உயரம் நான்கு மடங்காக வேண்டும். அதனால்தான் ஏற்கெனவே உயரமாக ஒரு கட்டிடம் கிடைத்தபோது அதன் தலையிலேயே விளக்கை வைத்துவிட்டார்கள்.

செல்லூர்த் தறி
எல்லாம் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளைக்காரன் தன் கப்பலுக்காகக் கட்டியதை நாம் ஏன் இவ்வளவு கொண்டாட வேண்டும்? "கலங்கரை விளக்கம்" என்ற சொல்லே லைட்ஹவுஸை மொழிபெயர்க்க உண்டாக்கியதுதானே? கலங்கிய கரைக்கு விளக்கு என்று யாரோ அழகாக வைத்திருக்கிறார்கள்.

திருநகர் தமிழாசிரியை
செல்லூர்த் தம்பிக்கு. கோபம் இல்லை, ஆனால் இதைத் திருத்தாமல் விட மாட்டேன். முப்பது வருஷம் வகுப்பில் சொன்ன விஷயம்.

சொல் மொழிபெயர்ப்பு அல்ல. சிலப்பதிகாரத்தில், கடலாடு காதையில், புகார்க் கடற்கரையில் எரியும் விளக்குகளை வரிசையாகச் சொல்லும் இடத்தில் "கலங்கரை விளக்கமும்" என்று அப்படியே வருகிறது. பொருளும் கலங்கிய கரை அல்ல. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் கூப்பிடுதல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே கரைதல். கலத்தைக் கரைந்து அழைக்கும் விளக்கம். பழைய உரைகாரர்களும் இப்படித்தான் பொருள் கொண்டார்கள்.

பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் தெளிவாக இருக்கிறது. ஏணி சாத்தியும் ஏறுவதற்கு அரிதான உயரம், கூரை வேயாத மாடம், இரவில் கொளுத்தி வைத்த தீ, அது கடலில் "ஓடுகலம் கரையும்" துறை. ஓடுகிற கலத்தைக் கூப்பிடும் துறை என்று அந்த வரியே சொல்லை விரித்துக் காட்டிவிடுகிறது.

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன், இதை எழுதத்தான் அவசரமாக உட்கார்ந்தேன். அகநானூறு 255ஆம் பாட்டு. பொருள் தேடக் கப்பலேறிப் போனவனை நினைத்துத் தலைவி பேசுகிறாள். உலகமே கிளம்பி வந்தது போன்ற வங்கம், அதாவது பெரிய கப்பல், இரவும் பகலும் நிற்காமல் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகிறது, நீகான் "மாட ஒள்ளெரி"யைப் பார்த்துத் திசை அறிந்து செலுத்துகிறான். நீகான் என்றால் கப்பலை நடத்துபவன். மாடத்தின் மேல் எரியும் ஒளி மிகுந்த தீ. அதைப் பாடியவர் யார் தெரியுமா? மதுரை மருதன் இளநாகனார். மதுரைக்காரர்!

கடலில்லாத ஊர்க்காரர் என்று சிம்மக்கல் தம்பி தயங்கி ஆரம்பித்தார். தயக்கமே வேண்டாம்.

செல்லூர்த் தறி
டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். கரைதல், காக்கை... இது இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. பாட்டை இன்றைக்கே எடுத்துப் படிக்கிறேன்.

ஆனால் முதல் கேள்வி நிற்கிறது. மெட்ராஸ் விளக்கால் நம் ஆட்களுக்கு என்ன நன்மை?

கீழவாசல் தூத்துக்குடியான்
அதை நான் சொல்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி, கீழவாசலில் கடை வைத்திருக்கிறேன். என் தாத்தா தோணியில் தண்டல். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவன், கேப்டன் மாதிரி.

முதலில் ஒன்று. அந்த முதல் இரண்டு விளக்கும் வந்த காலத்தில் மெட்ராஸில் துறைமுகமே இல்லை. இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். வெறும் திறந்த கடல். கப்பல் அலைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டு வந்தது மசூலாப் படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த படகு. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அதை ஓட்டியவர்கள் நம் கரையோரத்து மக்கள். துறைமுகச் சுவர் கட்டும் வேலை 1870களில்தான் தொடங்கியது, அதையும் 1881 புயல் வந்து உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். ஆக, "துறைமுக விளக்கு" என்கிறோம், ஆனால் துறைமுகத்துக்கு எண்பது வருஷம் முன்னாலேயே விளக்கு வந்துவிட்டது. இருட்டில் கரை எங்கே என்று தெரியாமல் அலைக்குள் மாட்டினால் அத்தனை பேரும் முடிந்தார்கள். வெள்ளைக்காரன் கப்பலில் வேலை பார்த்த லஸ்கர்களும் நம் நாட்டு ஆட்கள்தான். விளக்கு யார் கட்டினது என்று கடல் கேட்காது தம்பி.

இரண்டாவது, துறைமுகம் வந்ததும் கரையே மாறியது. சுவர் மணலைத் தடுத்ததால் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. எங்கள் பக்கத்தில் கொற்கையைப் பாருங்கள். பாண்டியர் துறைமுகம், முத்து விளைந்த இடம். தாமிரபரணி மண் கொண்டுவந்து கொட்டி, இன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கரை நகரும்போது விளக்கும் நகர்ந்துதான் ஆக வேண்டும்.

கூடல்நகர் கேட்
அண்ணே, எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு கேள்வி. லைட்ஹவுஸ் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறதே, அதை யார் போட்டு அணைக்கிறார்கள்?

கீழவாசல் தூத்துக்குடியான்
யாரும் அணைப்பதில்லை. விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். சுற்றுவது அதைச் சூழ்ந்திருக்கும் கண்ணாடி.

பதினோரு வயதில் தாத்தா என்னை ஒரு லைட்ஹவுஸின் உச்சிக்குக் கூட்டிப் போனார். சுழல் படி ஏறி, கடைசியில் இரும்பு ஏணி. மேலே போனால் என்னைவிட உயரமான கண்ணாடிக் கூடு. பலாச்சுளையைப் பிளந்து அடுக்கின மாதிரி வளையம் வளையமாகப் பட்டைக் கண்ணாடிகள், பித்தளைச் சட்டத்தில் பதித்தது. பகல் வெயில் பட்டு அறைச் சுவர் முழுக்க வானவில் துண்டுகள். அவ்வளவு கனத்தைத் தாத்தா ஒரே விரலால் தள்ளச் சொன்னார். தள்ளினேன், நகர்ந்தது! அடியில் பாதரசத் தொட்டி, அதன்மேல் மிதக்கிறது. அந்தப் பித்தளையின் சில்லிப்பு இன்னும் விரலில் இருக்கிறது.

அந்தக் கண்ணாடி ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் ஃபிரெனல் என்ற பிரெஞ்சுக்காரர், 1820களில். வெறும் விளக்கு பெட்ரோமாக்ஸ் மாதிரி நாலா பக்கமும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், பாதி வானத்துக்கும் தரைக்கும் வீணாகப் போகும். இந்தப் பட்டைகள் அத்தனையையும் மடக்கிக் கடல் பக்கம் ஒரே கற்றையாக அனுப்பும். கூடு சுற்றும்போது கற்றையும் சுற்றும். கற்றை உங்கள் கண்ணைத் தாண்டும் நொடியில் பளிச்சென்று தெரியும், அப்புறம் இருட்டு. அதைத்தான் அணைந்து எரிவதாக நினைக்கிறோம்.

இதில்தான் சூட்சுமம். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு தாளம் உண்டு. மெரினா விளக்கு பத்து விநாடிக்குள் இரண்டு முறை மின்னும். பக்கத்து ஊர் விளக்கு வேறு தாளத்தில் மின்னும். மாலுமி வாய்க்குள் எண்ணிப் பார்த்து, கையில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, இது மெட்ராஸ், இது வேறு ஊர் என்று கண்டுபிடிப்பான். பகலில் பட்டை வண்ணமே அடையாளம். சிவப்பு வெள்ளை அடித்திருப்பது அழகுக்காக மட்டும் இல்லை.

தெற்குவாசல் ரவுண்டானா
ஹைகோர்ட் கோபுர விளக்கை எம்டன் கப்பல் குறிபார்த்து உடைத்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் ஆச்சி யாரையாவது திட்டினால் "சரியான எம்டன்" என்பார். அந்த எம்டன்தானே இது?

குமாஸ்தா 62
அதே எம்டன்தான். ஆனால் விளக்கைக் குறிபார்த்தது என்பதைக் கொஞ்சம் திருத்த வேண்டும்.

1914 செப்டம்பர் 22 இரவு. முதல் உலகப்போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜெர்மானியக் கப்பல் எம்டன், முல்லர் என்பவர் அதன் கேப்டன், மெட்ராஸ் கரைக்கு நெருங்கி வந்து சுமார் 130 குண்டுகள் வீசியது. முக்கியக் குறி துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அவை பற்றி எரிந்தன. சில குண்டுகள் ஊருக்குள்ளும் விழுந்தன. ஹைகோர்ட் வளாகத்தில் விழுந்ததற்குச் சுவரில் ஒரு நினைவுக் கல் பதித்திருக்கிறார்கள், நானே பலமுறை வாசித்திருக்கிறேன்.

என் மனதை உறுத்துவது வேறு. போர்க் காலம் என்று யாரும் விளக்கை அணைத்து வைக்கவில்லை. ஊர் விளக்கும் எரிந்தது, கலங்கரை விளக்கமும் வழக்கம்போல எரிந்தது. கரை எங்கே என்று தெரிந்துகொள்ள எம்டனுக்கும் அதே வெளிச்சம் உதவியது. கப்பலைக் கூப்பிடும் விளக்கு என்று டீச்சர் சொன்னார்கள். வருகிறவன் நண்பனா பகைவனா என்று அதற்குத் தெரியாது. எம்டன் அதற்கு ஒன்றரை மாதத்தில், நவம்பர் 9ஆம் தேதி, கோகோஸ் தீவுப் பக்கம் ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு ஒழிந்தது. பெயர் மட்டும் உங்கள் ஆச்சி வாயில் தங்கிவிட்டது.

கணக்கு வாத்தியார்
மாமல்லபுரத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே பாறை உச்சியில் பல்லவர் காலத்து ஒலக்கணேசுவரர் கோயில் இருக்கிறது. பக்கத்தில் இப்போதிருக்கும் கல் லைட்ஹவுஸ் வருவதற்கு முன் அந்தக் கோயில் மேலேயே விளக்கு வைத்திருந்தார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.

கூடல்நகர் கேட்
இப்போது எல்லார் போனிலும் ஜிபிஎஸ் இருக்கிறது. இனி இந்த விளக்குகள் எதற்கு? சுற்றிப் பார்க்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளலாமே?

கீழவாசல் தூத்துக்குடியான்
தம்பி, நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். அரசாங்கமே 1927ஆம் வருஷத்து லைட்ஹவுஸ் சட்டத்தை எடுத்துவிட்டு 2021இல் புதுச் சட்டம் கொண்டு வந்தது. விளக்கு மட்டும் போதாது, ரேடியோ, ரேடார் வழியாக வழிகாட்டும் கருவிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

ஆனால் என் சித்தப்பா இன்னும் கடலுக்குப் போகிறார். ஒருமுறை மழைக் காற்றில் தண்ணீர் புகுந்து கருவி செத்துவிட்டது. போனில் டவர் இல்லை. நான்கு பேர் வள்ளத்தில். இரண்டு மணி நேரம் எந்தப் பக்கம் போகிறோம் என்றே தெரியவில்லையாம். அப்புறம் மேகத்துக்கு அடியில் ஒரு மின்னல். மின்னலா விளக்கா என்று சந்தேகம். எண்ணினார்கள். அதே இடைவெளியில் மறுபடி வந்தது. இன்னொரு முறை எண்ணினார்கள். சரியாக வந்தது. "அதுக்கப்புறம்தான் ஆளுக்கு ஒரு வாய் தண்ணி குடிச்சோம்" என்றார். அவரிடம் போய் ஜிபிஎஸ் போதும் என்று என்னால் சொல்ல முடியாது.

திருநகர் தமிழாசிரியை
நீகான் மாட ஒள்ளெரி பார்த்ததும் உங்கள் சித்தப்பா எண்ணியதும் ஒன்றுதான். படித்ததும் கண் கலங்கிவிட்டது.

சிம்மக்கல் தம்பி, மகளை அழகன்குளத்துக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். நம் வைகை கடலைத் தொடும் பக்கத்தில், ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே அகழாய்வில் கப்பல் ஓவியம் கீறிய பானை ஓடு கிடைத்தது. மதுரைக்குக் கடல் இல்லை, ஆனால் மதுரை ஆற்றுக்குக் கடல் உண்டு.

சிம்மக்கல் வாசி
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு முழு இழையையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எம்டன் வரும்போது எழுந்து உட்கார்ந்துவிட்டார். குமாஸ்தா ஐயா, நீங்கள் எந்த வக்கீலிடம் இருந்தீர்கள் என்று தனிச் செய்தியில் கேட்கச் சொல்கிறார். உங்களைப் பார்த்திருப்போமோ என்று யோசிக்கிறார்.

அப்பா ஒன்று சொன்னார், அதை இங்கே எழுதச் சொன்னார். வழக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, வெளியிலும் போக முடியாது. காலையில் தூணின் நிழல் மேற்கே விழும். ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் அந்த நிழலில் துண்டை விரித்து உட்காருவார்கள். வெயில் ஏற ஏற நிழல் நகரும், இவர்களும் துண்டோடு நகருவார்கள். உச்சியில் சுருங்கிப் போய் அடிப்பீடத்தோடு ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் கோர்ட் கலையும்போது எல்லாரும் கிழக்குப் பக்கம், கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்களாம். "அது லைட்ஹவுஸ்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் எனக்கே தெரியும். அதுக்கு முன்ன ஏதோ ஜெயஸ்தம்பம்னு நெனச்சேன்" என்றார்.

அடுத்த மாதம் பள்ளி லீவில் அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். வைகையில் டிக்கெட் போட்டாயிற்று. மெரினாவில் லிஃப்ட் இருப்பதால் அப்பாவும் மேலே வருவார். ராத்திரி கடற்கரையில் உட்கார்ந்து பத்து விநாடியை எண்ணிப் பார்ப்பது மகளின் வேலை.